எண்ணச் சொல்லும் முன் பார்க்கச் சொல்லுவோம்: சிறு பிள்ளைகளின் கணக்கும் கவனிக்கும் திறனும்

தக்கலை அங்கன்வாடிப் பணியாளர்:

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அங்கன்வாடி மையத்தில் பணிபுரிகிறேன். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளோடு பகல் முழுவதும் இருப்பவள் என்ற முறையில், நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கருத்தை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

ஒன்று முதல் ஐம்பது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையின் முன்னால் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்து எண்ணச் சொன்னால், விரல் ஒரு வேகத்திலும் வாய் வேறொரு வேகத்திலும் போய், ஏழு என்றோ ஒன்பது என்றோ நிற்கிறது. சரியாக ஐந்து வரை எண்ணிய பிள்ளையிடமும், “அப்போ எத்தனை இருக்கு?” என்று கேட்டால், அது மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. எண்களின் பெயர்கள் இந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். எதை எண்ண வேண்டும், எதை எண்ணியாகிவிட்டது, எது மிச்சம் என்று பொருளைப் பார்த்துப் பிரித்தறியும் பழக்கம்தான் இன்னும் கைவரவில்லை. ஆகவே, எண்ணும் பயிற்சிக்கு முன்னால் உற்றுப் பார்க்கும் பயிற்சிக்கு நாம் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் மையத்தில் செய்வதில் ஒன்றைச் சொல்கிறேன். ரப்பர்க் காய் வெடித்துக் கொட்டை உதிரும் பருவத்தில், ஒரு பனையோலைப் பெட்டி நிறையக் கொட்டைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான். கையில் எடுத்துப் பார்த்தால், பழுப்பும் வெள்ளையுமாக ஓடும் புள்ளியும் கோடும் ஒவ்வொன்றிலும் வேறு வேறாக இருக்கும். ஆளுக்கு ஒரு கொட்டையைக் கொடுத்து, நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, பிறகு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கலக்கி, “உன் கொட்டையைக் கண்டுபிடி” என்போம். முதலில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். சில நாட்கள் போனதும், “இது எனக்கது இல்ல, எனக்கதுல மூக்குப் பக்கம் ஒரு கறுப்பு வரை (கோடு) உண்டு” என்று திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கிய பிள்ளை, கொட்டைகளை நீளவாரியாக அடுக்கச் சொல்லும்போதும் அவசரப்படாமல் ஒன்றோடொன்று சேர்த்துவைத்துப் பார்க்கிறது.

அதன்பின் ரப்பர் இலையைக் கொண்டுவருவோம். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். வெடித்த காயின் ஓட்டைப் பார்த்தால் அதிலும் மூன்று அறைகள். “எல்லா இலையிலும் மூணுதானா?” என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு எண்ணச் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்களே தேடித் தேடி எண்ணுவார்கள். மரச்சீனி (மரவள்ளி) இலையில் விரல்போல் பிரிந்திருப்பவற்றை எண்ணினால் இலைக்கு இலை மாறும் என்பதையும் இப்படித்தான் அவர்கள் கண்டுகொண்டார்கள்.

ஆனால் பெற்றோர் எதிர்பார்ப்பது சிலேட்டில் எழுத்து. “இன்னைக்கு என்ன எழுதினே?” என்பதுதான் வாசலில் கேட்கும் முதல் கேள்வி. இதைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் என்ன நினைக்கிறீர்கள்?

குலசேகரம் அம்மா:

டீச்சர், அந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரில் நானும் ஒருத்தி. என் மகன் எல்.கே.ஜி. படிக்கிறான். வருகிற ஆண்டு நூறு வரை பார்க்காமல் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். ரப்பர்க் கொட்டை எங்கள் வீட்டு முற்றத்திலேயே கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற பிள்ளைகளை விட அவன் பின்தங்கிவிடுவானோ என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது. இதில் பயன் உண்டு என்றால், எப்படி என்பதைச் சற்று விளக்கிச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் ஓய்வுபெற்ற கணக்காசிரியர்:

சகோதரியின் கவலை நியாயமானது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எண்ணுதல் ஒரே செயல்போல் தோன்றினாலும் அதற்குள் பல அறிவுகள் உள்ளன. ரோசெல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1978-இல் இதை ஐந்து விதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல் மட்டும் சொல்ல வேண்டும்; சொற்களின் வரிசை மாறக் கூடாது; கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தத்தின் அளவு; எந்த வகைப் பொருளையும் எண்ணலாம்; எந்தப் பொருளில் தொடங்கினாலும் விடை மாறாது. இந்த ஐந்தில் மனப்பாடத்தால் வருவது இரண்டாவது மட்டும்தான். மற்ற நான்கும் பொருளைத் தொட்டு, நகர்த்தி, கூர்ந்து பார்த்தால்தான் வரும். அங்கன்வாடி டீச்சர் சொன்ன பிள்ளை, எண்ணி முடித்த பிறகும் ஒன்றிலிருந்து தொடங்கியதே, அதற்கு மூன்றாவது விதி இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அந்தப் பிள்ளைக்கு ஐம்பதுக்குப் பதிலாக நூறு வரை சொல்லிக்கொடுத்தாலும் அந்த இடைவெளி அடையாது.

அதற்காக ஒப்பித்தலை இகழவும் நான் உடன்படமாட்டேன். வரிசை மாறாமல் வர வேண்டும் என்றால் வாய் பழகத்தான் வேண்டும். இரண்டும் ஒரே வேளையில் நடக்கட்டும் என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியாஜே செய்த சோதனை பலரும் அறிந்ததே. சம எண்ணிக்கையில் இரண்டு வரிசையாக வில்லைகளை வைத்து, பிள்ளையின் கண்முன்னே ஒரு வரிசையை மட்டும் அகலப்படுத்தி, எதில் அதிகம் என்று கேட்டால், ஆறேழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் நீண்ட வரிசையைக் காட்டுவார்கள். இதை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை புரியாது என்றே பலரும் முடிவு கட்டினார்கள். 1974-இல் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் ஆகிய இருவரும் அதே சோதனையில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். பெரியவர் கையால் நகர்த்தாமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று பாய்ந்து வந்து வரிசையைக் கலைத்துவிடுவதாக வைத்தார்கள். அப்போது நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் “இரண்டும் சமம்தான்” என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், விடையையும் மாற்றிச் சொல்ல வேண்டும் போலும் என்று பிள்ளை நினைத்துவிடுகிறது. அதாவது, அது வில்லையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறது.

நம் வகுப்பறைகளில் இது தினமும் நடக்கிறது. பிள்ளை சரியாகச் சொன்ன பிறகும் “நல்லாப் பார்த்துச் சொல்லு” என்று அழுத்தினால், அது விடையை மாற்றிவிடும். அதற்குப் பதிலாக, விடை சரியானாலும் தவறானாலும், “எப்படித் தெரிஞ்சுது?” என்று ஒரே குரலில் கேட்டுப் பழகினால், பிள்ளை மறுபடி பொருளிடம் திரும்பும். கவனிக்கும் திறனை வளர்க்க இதைவிட நல்ல கேள்வியை நான் அறியேன்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, அகஸ்தீஸ்வரம் பக்கம்:

ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றாம் வகுப்பில் நான் காண்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் நடைபெறுகிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்த்துக் கற்பிக்கிறோம். அரும்பு நிலையில் நிற்கும் பிள்ளைகளில் பலருக்குத் தடையாக இருப்பது கூட்டலும் கழித்தலும் அல்ல. 6-க்கும் 9-க்கும், 12-க்கும் 21-க்கும் உள்ள வேறுபாடு அவர்கள் கண்ணில் படுவதில்லை. எது இடது, எது வலது, எது மேல், எது கீழ் என்பதைக் கவனிக்கும் பழக்கம் பொருள்களில் வந்திருந்தால்தான் தாளிலும் வரும். ஒரு சிரட்டையை (கொட்டாங்குச்சியை) கவிழ்த்து வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் அது சிரட்டைதான். ஆனால் 6-ஐக் கவிழ்த்தால் அது வேறொன்றாகிவிடுகிறது. பிள்ளையின் இதுவரையான அனுபவத்துக்கு இது புதிது. ஆகவே சிறிய குச்சிகளையும் சிரட்டைகளையும் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் வைத்துக் காட்டி, துணியால் மூடி, அதே போல் அடுக்கச் சொல்வேன். குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். துணியை எடுத்ததும் தாங்களே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வார்கள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

குலசேகரம் அம்மாவுக்கு: நூறு வரை எழுதும் பிள்ளையும் எங்களிடம் வருகிறது, பத்து வரை மட்டும் தெரிந்த பிள்ளையும் வருகிறது. பத்து வரை பொருளோடு தெரிந்த பிள்ளை விரைவிலேயே மற்றதைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் மகன் எழுதவும் செய்யட்டும். ஆனால் மாலையில் கொஞ்ச நேரம் முற்றத்துக் கொட்டைகளுக்கும் விடுங்கள்.

குளச்சல்காரர்:

நான் ஆசிரியன் அல்லன், கடல் தொழில் செய்கிறவன். இந்த உரையாடலைப் படித்தபோது என் மகளைப் பற்றிக் கேட்கத் தோன்றியது. அவளுக்கு நாலரை வயது. கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைப் பிரித்துவைக்கச் சொன்னேன். வெள்ளை தனி, நிறமுள்ளது தனி என்று பிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பெரிதும் சிறிதும், வெள்ளையும் மஞ்சளும் எல்லாவற்றையும் கலந்து இரண்டு குவியலாக வைத்தாள். தவறு என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில், அவள் தாய் ஏன் என்று கேட்டாள். “இதெல்லாம் ஓட்டை உள்ளது, இது ஓட்டை இல்லாதது” என்றாள் பிள்ளை. எடுத்துப் பார்த்தால், ஒரு குவியலில் இருந்த எல்லாச் சிப்பியிலும், தச்சன் துளைத்தது போல் வட்டமான சின்னத் துளை ஒன்று இருந்தது. இத்தனை ஆண்டுகள் கரையில் நடந்தும் நான் அதை இப்படி ஒதுக்கிப் பார்த்ததில்லை.

எங்கள் தொழிலிலும் பிரித்தறிதல்தான் முதல் வேலை. வலையிலிருந்து கொட்டியதும் சாளை, அயிலை, நெத்திலி, கணவாய் என்று கை தானாகப் பிரிக்கும். அதை யாரும் எழுத்தில் கற்றதில்லை. என் கேள்வி இதுதான்: பிள்ளை தன் விருப்பப்படி பிரிக்கும்போது விட்டுவிடலாமா, அல்லது முறையாகப் பிரிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

தக்கலை அங்கன்வாடிப் பணியாளர்:

அண்ணா, உங்கள் மகள் செய்தது மிகவும் முறையான பிரிப்பு. அவள் ஒரு விதியை வகுத்து, எல்லாச் சிப்பிக்கும் அந்த ஒரே விதியைப் பொருத்தியிருக்கிறாள். சின்னப் பிள்ளைகள் பலர் நிறத்தில் தொடங்கி, பாதியில் அளவுக்குப் போய், கடைசியில் அழகானதை எல்லாம் தனியே எடுத்துவைத்துவிடுவார்கள். நாலரை வயதில் ஒரே விதியில் நின்றது பெரிய விஷயம்.

இனி அடுத்த படி ஒன்று இருக்கிறது. அதே சிப்பிகளை மறுபடி ஒன்றாகக் குவித்து, “இதை வேறெப்படிப் பிரிக்கலாம்?” என்று கேளுங்கள். ஒரு சிப்பி ஓட்டையுள்ளதாகவும் அதே வேளையில் சின்னதாகவும் இருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெளிவாகும். அதன்பின் நீங்கள் ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு குவியலாகப் பிரித்து வையுங்கள். உங்கள் விதி என்ன என்று அவள் கண்டுபிடிக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் பிடித்த விளையாட்டு.

அந்தத் துளை எப்படி வந்தது என்று அவள் நிச்சயம் கேட்பாள். சிப்பியைத் தின்னும் ஒரு வகைக் கடல் நத்தை, அதன் மேலோட்டைத் துளைத்து உள்ளிருக்கும் சதையை உண்ணும்போது உண்டாவது அது. எத்தனை சிப்பிகளில் துளை ஓட்டின் முனைப் பக்கம் இருக்கிறது, எத்தனையில் நடுவில் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால், எண்ணுவதற்கு அவளுக்கே ஒரு காரணம் கிடைத்துவிடும்.

தோவாளைப் பூக்கட்டும் குடும்பம்:

எங்கள் ஊரில் மாணிக்கமாலை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை என்று மடித்து மடித்துக் கோத்து, பட்டையாகக் கட்டங்கட்டமாக அமைப்பது அது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அருகில் உட்கார்ந்து பார்த்தே வளர்கிறார்கள். ஒரு வரிசையில் ஓர் அரளி மாறிப்போனால், கட்டுகிறவருக்கு முன்னால் பிள்ளை கைநீட்டிக் காட்டிவிடும்.

பிள்ளைகளுக்குப் பூவால் வரிசை அமைக்கும் பயிற்சி தரும்போது “அடுத்து என்ன வரும்?” என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்ற வரிசையில் முந்தைய பூவை மட்டும் பார்த்தாலே விடை சொல்லிவிடலாம். சிவப்பு, வெள்ளை, வெள்ளை என்று மாற்றினால்தான் எந்தத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது என்று முழு வரிசையையும் பார்க்க வேண்டியிருக்கும். நடுவில் ஒரு பூவை எடுத்து ஒளித்துவைத்து எது போயிற்று என்று கேட்பதும், அதே வரிசையைக் கைதட்டலாகவும் தொடைதட்டலாகவும் செய்யச் சொல்வதும் அதைவிட மேலான பயிற்சி. பூவில் கண்டதை ஓசையில் அமைக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த அமைப்பு விளங்கிவிட்டது என்று நம்பலாம். ஓணத்துக்கு அத்தப்பூ (பூக்கோலம்) இடும் வீடுகளில், வட்டத்துக்குள் வட்டமாக வரும்போது வெளிவட்டத்துக்கு ஏன் அதிகப் பூ தேவைப்படுகிறது என்ற கேள்வியும் நல்ல கேள்வி.

நாகர்கோவில் ஓய்வுபெற்ற கணக்காசிரியர்:

பூக்கட்டும் குடும்பத்தார் எழுதியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. இதோடு பல்லாங்குழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்துவிட்டால் அது ‘பசு’. கண்டவுடன் எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் அங்கே ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை, பார்த்த பார்வையிலேயே நான்கு என்று தெரிந்துவிடுகிறது. மனிதக் கண்ணால் எண்ணாமல் ஒரே பார்வையில் அறியக்கூடிய எல்லை ஏறத்தாழ நான்குதான் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள்; அந்தத் திறனுக்கு 1949-இல் தனிப்பெயரே சூட்டினார்கள். நம் விளையாட்டு அந்த எல்லையிலேயே விதியை அமைத்திருப்பது கவனிக்கத்தக்கது. ஐந்தையும் ஆறையும் அப்படி அறிய வேண்டுமென்றால் மூன்றும் இரண்டும், மூன்றும் மூன்றும் என்று துண்டாகப் பார்க்க வேண்டும். கூட்டலின் தொடக்கம் அங்கேதான்.

கருங்கல் அம்மா:

என் மகளுக்குப் பிறவியிலிருந்தே பார்வைக் குறைபாடு. இழை முழுவதும் “பார், பார்” என்றே இருப்பதால் தயக்கத்தோடு கேட்கிறேன். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு இதில் என்ன வழி?

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, அகஸ்தீஸ்வரம் பக்கம்:

தயங்க வேண்டாம் சகோதரி, கவனித்தல் கண்ணோடு நின்றுவிடுவதில்லை. ஒரு துணிப்பையில் தேங்காய்த் தொண்டின் (மட்டையின்) துண்டு, சிரட்டை, வழவழப்பான கல், ஓலைத் துண்டு ஆகியவற்றைப் போட்டு, கையை உள்ளே விட்டு ஒரே மாதிரியான இரண்டை எடுக்கச் சொல்லலாம். தேங்காயின் மூன்று கண்களையும் தடவி, எது மென்மையானது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். எவர்சில்வர் பாத்திரத்தில் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, விழும் ஓசையைக் கேட்டு எண்ணச் சொல்லலாம். ஓசை மறைந்துவிடுவதால் அதை மனத்தில் வைத்தே எண்ண வேண்டும், ஆகவே அது இன்னும் கடினமான பயிற்சி. இவற்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே செய்யுங்கள், உங்கள் மகள் தனித்துவிட மாட்டாள்.

பிற பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் நன்றாகப் பிரிக்கும் பிள்ளை சிவப்பையும் பச்சையையும் மட்டும் தொடர்ந்து கலந்தால், கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். ஆண்பிள்ளைகளில் சிலருக்குப் பிறவியிலேயே அந்த நிற வேறுபாடு தெரிவதில்லை. கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழித்துறை செவிலியர்:

நல்ல விவாதம். ஆனால் கொட்டைகளைப் பற்றி நான் எச்சரிக்காமல் இருக்க முடியாது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் கையில் புளியங்கொட்டை, மஞ்சாடி போன்ற சிறியவற்றைத் தரவே கூடாது; மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வதும் உண்டு. குன்றிமணியை எந்த வயதினருக்கும் தராதீர்கள், அதன் பருப்பு கொடிய நஞ்சு. ஓட்டோடுள்ள பச்சை முந்திரிக்கொட்டையும் வேண்டாம், அதன் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். ரப்பர்க் கொட்டையை உடைத்துப் பச்சையாகத் தின்றாலும் நஞ்சுதான்; ஆகவே பெரியவர் ஒருவர் கூடவே இருக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

தக்கலை அங்கன்வாடிப் பணியாளர்:

செவிலியர் சகோதரிக்கு மிக்க நன்றி. மையத்தில் இரண்டு வயதுப் பிள்ளைகளும் இருப்பதால், கொட்டைகளைத் திரும்ப வாங்கிவைப்பதில் நாங்கள் மிகுந்த கவனம் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு முட்டை வரும் அட்டைத் தட்டைப் பயன்படுத்துகிறோம். ஒரு தட்டில் ஐந்துக்கு ஆறாக முப்பது குழிகள் இருக்கும். விளையாட்டு தொடங்கும்போது ஒவ்வொரு குழியிலும் ஒரு கொட்டை இருக்கும். முடியும்போதும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு குழி வெறுமையாக இருந்தால், முப்பது வரை எண்ணத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளையும் “ஒண்ணு காணோம்” என்று சொல்லிவிடும். எல்லாரும் பாயைத் தூக்கிப் பார்த்துத் தேடுவார்கள், கிடைக்கும் வரை யாரும் சோற்றுக்கு உட்காருவதில்லை. பாதுகாப்புக்காகத் தொடங்கியதே இப்போது அன்றாடக் கணக்குப் பாடமாகிவிட்டது.

குலசேகரம் அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு முட்டைத் தட்டும் முற்றத்துக் கொட்டைகளும் வைத்து ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு, மகன் என்ன சொன்னான் என்பதை அவன் சொற்களிலேயே இங்கே எழுதுங்கள். மற்ற மையங்களில் பணிபுரியும் சகோதரிகளும் தங்கள் பகுதியில் கிடைக்கும் பொருள்களைக் குறிப்பிட்டு எழுதினால், கடற்கரை, வயல், மலையோரம் என்று மூன்று பகுதிக்கும் ஏற்ற பட்டியலை நான் தொகுத்து இந்த இழையிலேயே பதிகிறேன்.